முதலில் உங்கள் அளவை எடுங்கள்: கைத்தறி ஆடைத் தொழில் தொடங்க நினைப்பவர்களுக்கு

தையல்காரரிடம் ரவிக்கைத் துணி கொடுக்கும்போது கூடவே ஓர் அளவு ரவிக்கையும் கொடுப்போம். உடம்புக்கு நன்றாகப் பொருந்தும் பழைய ரவிக்கை அது. அவசரத்தில் அக்காவின் ரவிக்கையைக் கொடுத்துவிட்டு வந்தால் என்ன ஆகும் என்பது பெண்களுக்குத் தெரியும். தையல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் புது ரவிக்கை பீரோவுக்குள்தான் கிடக்கும்.

சிறிய அளவில் ஆடைத் தொழில் தொடங்கி இரண்டே ஆண்டுகளில் மூடியவர்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்களுக்குத் துணியைப் பற்றிய அறிவும் இருந்தது, ரசனையும் இருந்தது. ஆனால் யாரோ ஒருவருடைய அளவுக்குத் தொழிலை வெட்டிவிட்டார்கள். என் முதல் முயற்சியும் அப்படித்தான் முடிந்தது. அதை மறைக்காமல் சொல்வதற்காகவும், இப்போது நான் செய்யும் முறையைப் படிப்படியாக எழுதி வைப்பதற்காகவும் இந்தக் கட்டுரை.

ஸ்லோ ஃபேஷன் என்ற பெயரில் உலகெங்கும் பேசப்படுவது நம் பாட்டிமார்களுக்குப் புரியாத விஷயமில்லை. நல்ல துணியில் குறைவாகத் தைப்பது, பல ஆண்டுகள் உடுத்துவது, கிழிந்தால் தைத்துக்கொள்வது, நெய்தவருக்கும் தைத்தவருக்கும் நியாயமான கூலி கொடுப்பது. ஈரோட்டுப் பக்கத்தில் வளர்ந்த எனக்கு இதன் அவசியத்தை எந்த வெளிநாட்டுச் செய்தியும் சொல்லவேண்டியிருக்கவில்லை. சென்னிமலைக்குப் பக்கத்தில் ஒரத்துப்பாளையம் அணை இருக்கிறது. பாசனத்துக்கென்று நொய்யலின் குறுக்கே கட்டிய அணை, திருப்பூர் சாயக்கழிவு தேங்கும் குளமாகிப் போனது. கழிவுநீரைச் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மலிவுச் சட்டையின் மீதி விலையை யார் கொடுக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள, அந்தக் கரையில் ஒருமுறை நின்றால் போதும்.

இரண்டு வாரம் ஒரு நோட்டு

துணி வாங்கக் கிளம்புவதற்கு முன் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். இரண்டு வாரத்துக்குத் தினமும் இரவில் மூன்று விஷயங்களை அதில் எழுதுங்கள். இன்று எத்தனை மணி நேரம் எனக்கே எனக்கென்று கிடைத்தது? எந்த வேலை செய்யும்போது நேரம் போனதே தெரியவில்லை? எந்த வேலையைத் தள்ளிப்போட்டேன்?

என் நோட்டில் தெரிந்தது இது. வாரத்துக்கு இருபது மணி நேரம்தான் எனக்குக் கிடைத்தது. துணி வெட்டுவதும் நிறம் சேர்ப்பதும் பிடித்திருந்தன. ஒவ்வொரு நாளும் கேமரா முன் நின்று பேசுவது அறவே பிடிக்கவில்லை. கணக்கெழுதுவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். முன்பே இது தெரிந்திருந்தால், நாள்தோறும் காணொளி போட்டுப் பெரிதாக விற்கும் இன்னொரு பெண்ணைப் பார்த்து அதேபோல் தொடங்கியிருக்க மாட்டேன். அவருக்குப் பேச்சு வரம். அவருடைய அளவு அவருக்குச் சரி.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு தொகையை எழுதுங்கள்: முழுவதும் போய்விட்டாலும் வீட்டில் அடுப்பு எரியும், பிள்ளைகளின் படிப்பு நிற்காது என்று நீங்கள் நம்பும் தொகை. அதுதான் உங்கள் முதலீடு. அது முப்பதாயிரமாக இருந்தால் முப்பதாயிரத்துக்குள் தொடங்குங்கள். நகை அடகுக் கடைப் பக்கம் போகாதீர்கள்.

நான் போனேன். தொடங்கிய ஐந்தாவது மாதம், பெருநகரத்துக் கடை ஒன்று 120 குர்த்தா கேட்டது. விற்ற பிறகு பணம் என்று ஒப்பந்தம். ஒரு குர்த்தாவுக்கு இரண்டரை மீட்டர் என்றால் 300 மீட்டர் துணி வேண்டும். எனக்கு நெய்து தந்த தறியில் நாளொன்றுக்கு நான்கு மீட்டர்தான் இறங்கும். எழுபத்தைந்து நாள் வேலை அது. கடைக்காரர் கொடுத்த கெடு நாற்பது நாள். வளையலை அடகு வைத்தேன். பாதித் துணியை விசைத்தறியில் வாங்கி நிரப்பினேன். கைத்தறி என்ற அட்டையை எல்லாவற்றிலும் மாட்டினேன். அதை நினைக்கும்போது இன்றும் எனக்கு வலிக்கிறது. ஆறு மாதம் கழித்து எழுபது குர்த்தாக்கள் கசங்கித் திரும்பி வந்தன. விற்ற ஐம்பதுக்கான பணம் வந்து சேர மேலும் நான்கு மாதம் ஆனது. அந்தக் கடையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அந்த ஆர்டர் என் உடம்புக்குத் தைத்ததல்ல. அதை இழுத்து மாட்டிக்கொண்டது நான்.

ஒரே ஓர் ஆடை

முதல் ஆண்டு ஒரே வகை ஆடையை மட்டும் செய்யுங்கள். குர்த்தா என்றால் குர்த்தா, குழந்தைகளின் கவுன் என்றால் கவுன், ஆண்களின் அரைக்கைச் சட்டை என்றால் அதுவே. புடவை, ரவிக்கை, பை, தலையணை உறை என்று பரப்பினால் ஒவ்வொன்றிலும் வேறு துணி தேங்கும், வேறு பட்டன் தேங்கும், வேறு தவறு நடக்கும். ஒரே ஆடையை அறுபது முறை தைக்கும்போதுதான் கழுத்து எங்கே தூக்குகிறது, அக்குள் எங்கே பிடிக்கிறது என்பது கைக்குப் பழகும்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு என்னிடம் ஒரே சோதனைதான் உண்டு. நீங்கள் உங்களுக்கென்று தைத்துப் போட்டுக்கொண்டதில், தெரிந்தவர்கள் "எங்கே வாங்கினாய்?" என்று இரண்டு முறைக்கு மேல் கேட்டது எது? அதில் தொடங்குங்கள்.

தறி வீட்டுக்குப் போங்கள்

கைத்தறித் துணியைப் படத்தில் பார்த்து வாங்காதீர்கள். தமிழ்நாட்டில் இருப்பவருக்கு அதற்குத் தேவையும் இல்லை. போர்வைக்கும் துண்டுக்கும் பெயர்போன சென்னிமலை, சுங்குடிப் புடவைக்குச் சின்னாளபட்டி, பருத்திப் புடவைக்கு நெகமம், அருப்புக்கோட்டை, பரமக்குடி என்று ஒவ்வொரு பகுதியிலும் தறி இருக்கிறது. கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. முதலில் சங்கத்துக்குப் போய் உங்கள் தேவையைச் சொல்லுங்கள். தறிக்காரர்களை நேரடியாகப் பார்க்கும் வழியும் அங்கிருந்தே திறக்கும். துணியைத் தொட்டுப் பார்த்து மட்டும் கைத்தறியா விசைத்தறியா என்று சொல்வது அனுபவசாலிகளுக்கே கடினம். கைத்தறித் துணி என்று சான்று சொல்லும், 2006-இல் வந்த கைத்தறி முத்திரை உதவும். அதைவிடத் தறியைக் கண்ணால் பார்ப்பது மேல்.

எனக்கு நெய்பவரின் வீட்டில் குழித்தறி. தரையில் தோண்டிய குழிக்குள் கால், மிதிகட்டையில் பாதம், கை எட்டும் தூரத்தில் தார், அதாவது நூல் சுற்றிய சிறு குச்சிகள், நிறைந்த கூடை. நான் முதல்முறை போனபோது ஐந்து நிறத்தில் பத்துப் பத்து மீட்டர் கேட்டேன். அவர் தறியை நிறுத்திவிட்டுப் பொறுமையாகச் சொன்னார்: "அம்மணி, ஐந்து பாவு ஏற்ற வேண்டியிருக்கும். உங்களுக்கும் கட்டாது, எனக்கும் கட்டாது. ஒரு பாவு சொல்லுங்கள், ஊடையை மாற்றி நான் நிறம் காட்டுகிறேன்." பாவு என்றால் தறியில் நீளவாக்கில் கட்டிய நூல், ஊடை என்றால் அதன் குறுக்கே ஓடும் நூல். கருநீலப் பாவில் முதலில் கருநீல ஊடையே போட்டார். பிறகு பச்சை நூல் தாரை, ஊடையைக் குறுக்கே கொண்டு ஓடும் நாடாவுக்குள் வைத்து ஒரு சாண் நெய்தார். துணியைச் சாய்த்துப் பிடித்தால் நீலம், நிமிர்த்தினால் பச்சை. நம் வீடுகளில் மயில்கழுத்து என்று சொல்லும் நிறம் இப்படித்தான் பிறக்கிறது. அடுத்து சாம்பல் நூல் போட்டார். பழகிய ஜீன்ஸ் துணியைப் போல அமைதியாக ஒரு நீலம் வந்தது.

ஒரே பாவு, மூன்று ஊடை, மூன்று துணி. சிறிய முதலீட்டில் தொடங்குபவருக்கு இதைவிடப் பயனுள்ள பாடம் எனக்குத் தெரியாது. பாவு நூலை நீட்டி, கஞ்சி போட்டு, காயவைத்து, இழையிழையாகத் தறியில் பிணைப்பதில்தான் நேரமும் கூலியும் அதிகம் போகின்றன. அதை அடிக்கடி மாற்றச் சொல்லாத வாடிக்கையாளரை நெசவாளர் விரும்புவார். அதனால் உங்கள் முதல் தொகுப்பைத் தாளில் வரையாதீர்கள். ஒரு பாவிலிருந்து தொடங்கி யோசியுங்கள்.

காலக்கணக்கும் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாவு காயாது, நெசவு தாமதமாகும். தீபாவளிக்கு முன் தறிகள் நிறைந்திருக்கும். தீபாவளிக்குத் துணி வேண்டுமானால் ஆடி பிறப்பதற்குள் சொல்லிவிடுங்கள். பேசிய கூலியைத் துணி கைக்கு வந்த அன்றே கொடுங்கள். நெசவாளர் வீட்டில் கடன் சொல்லும் சிறுதொழிலை நிதானத் தொழில் என்று அழைக்க எனக்கு மனம் வராது. நூலுக்குச் சாயம் எங்கே போடுகிறார்கள், அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் கேளுங்கள். தெளிவான பதில் கிடைக்காத பட்டறையின் நூல் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

இயற்கைச் சாயம் பற்றி ஆரம்பத்திலேயே எல்லோரும் கேட்பார்கள். அவுரி நீலம் அழகுதான், திண்டிவனம் வட்டாரத்தில் இன்றும் அவுரி பயிராகிறது. ஆனால் ஒரு முறை முக்கிய நீலம் மறுமுறை அப்படியே வராது, வெயிலில் வெளுக்கவும் கூடும். அதை விளக்கி விற்கும் பொறுமை வந்த பிறகு அதில் இறங்குங்கள்.

நனைத்து அளந்த பிறகே கத்தரி

துணி வந்ததும் கத்தரியை எடுக்கத் தோன்றும். எடுக்காதீர்கள். துணியிலிருந்து 50 சென்டிமீட்டருக்கு 50 சென்டிமீட்டர் சதுரம் ஒன்று வெட்டி, நான்கு ஓரங்களிலும் ஓட்டத் தையல் போடுங்கள். இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவிடுங்கள். காலையில் பிழியாமல் எடுத்து நிழலில் காயப்போட்டு, இஸ்திரி போட்டு, மறுபடி அளந்து பாருங்கள். 47 சென்டிமீட்டர் இருந்தால் நூற்றுக்கு ஆறு சுருங்கியிருக்கிறது. 44 அங்குல நீளக் குர்த்தா முதல் துவைப்பிலேயே ஏறத்தாழ இரண்டரை அங்குலம் ஏறிவிடும் என்று அர்த்தம். வாடிக்கையாளர் திரும்பி வராததற்கு அந்த இரண்டரை அங்குலம் போதும். அதனால் மொத்தத் துணியையும் நனைத்துக் காயவைத்த பிறகே வெட்ட வேண்டும். மீட்டர் குறையும், அந்தக் குறைவை விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஊறவைத்த வாளித் தண்ணீரையும் பாருங்கள். ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் துணியை இருபது முறை தேய்த்துப் பாருங்கள். லேசாக நிறம் ஒட்டினால் தனியாகத் துவைக்கும்படி அட்டையில் எழுதலாம். கைக்குட்டை நிறம் மாறிவிட்டால் அந்தத் துணியைச் சாயப்பட்டறைக்கே திருப்பி அனுப்புங்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் வாடாமல்லி நிறத்தில் ஒரு தொகுதி தைத்து, மூன்று வாடிக்கையாளர்களின் வெள்ளை உள்ளாடைகளுக்கு நான் பணம் கொடுத்திருக்கிறேன்.

தையலில் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ரவிக்கையின் உட்பக்கத்தில் நம் தையல்காரர்கள் இரண்டு மூன்று வரிசை தையல் போட்டுத் துணி விட்டிருப்பார்கள். உடம்பு பெருத்தால் ஒரு வரிசையைப் பிரித்துக்கொள்ளலாம். தொழிற்சாலை ஆடைகளில் பெரும்பாலும் இது கிடையாது, துணியை மிச்சம்பிடிக்க ஓரத்தை ஒட்ட வெட்டி ஓவர்லாக் அடித்துவிடுவார்கள். உங்கள் குர்த்தாவின் இரு பக்கமும் முக்கால் அங்குலத்திலிருந்து ஓர் அங்குலம் வரை விடுங்கள். பெண்ணின் உடம்பு ஐந்து ஆண்டுகளில் மாறும், குழந்தை பிறந்தால் மாறும். அவளோடு சேர்ந்து பெரிதாகத் தெரிந்த ஆடைதான் நீண்ட நாள் உழைக்கும்.

விலை போடும் மேசை

இங்கேதான் நல்ல மனமுள்ளவர்கள் தோற்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். என் குர்த்தா ஒன்றின் கணக்கு இது, உங்கள் ஊரில் தொகைகள் மாறும்.

துணி இரண்டரை மீட்டர், மீட்டர் 220 வீதம் 550 ரூபாய். நூல், பட்டன், காஜா 40. தையல் கூலி 250. வெட்டுவது, சரிபார்ப்பது, படமெடுப்பது, பொதி கட்டுவது என்று என் கையிலிருந்து ஒரு மணி நேரம், அதற்கு 150. அட்டை, உறை 25. தையல் பிசகிப்போவது, கறை படுவது போன்றவற்றுக்கு 60. மின்சாரம், தொலைபேசி, பஸ் செலவின் பங்கு 75. மொத்தம் 1,150. நான் 1,650-க்கு விற்கிறேன்.

புதிதாக வருபவர்கள் அந்த 150 ரூபாயைத்தான் முதலில் அடித்துவிடுவார்கள். "என் உழைப்புதானே" என்பார்கள். தையல்கார அக்காவுக்கு நியாயக் கூலி, நெசவாளருக்கு நியாயக் கூலி, உங்களுக்கு மட்டும் ஒன்றுமில்லை என்றால் அதுவும் ஒரு சுரண்டல்தான். உங்கள் இடத்துக்கு நாளை ஓர் ஆளை வைக்க நேர்ந்தால் அன்றே தொழில் நின்றுவிடும்.

இப்போது ஒரு கடை வந்து, நூற்றுக்கு 35 கமிஷன் கொடுங்கள், வைத்து விற்கிறோம் என்று சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். 1,650-இல் 577 ரூபாய் போனால் கைக்கு வருவது 1,073. அடக்கமே 1,150. ஒவ்வொரு குர்த்தாவுக்கும் 77 ரூபாய் நஷ்டம். கடை வழியாக விற்கவேண்டுமென்றால் தொடக்கத்திலேயே விலையை அதற்கேற்பப் போடவேண்டும், இல்லையென்றால் நேரடியாக மட்டும் விற்கவேண்டும். நடுவில் மாற்றினால் பழைய வாடிக்கையாளர் ஏமாந்ததாக நினைப்பார். நான் நேரடி விற்பனையைத் தேர்ந்தெடுத்தேன். ஆடித் தள்ளுபடியும் கொடுப்பதில்லை. ஆடியில் 1,200-க்குக் கொடுத்தால் ஆனியில் 1,650 கொடுத்தவரை எந்த முகத்தோடு பார்ப்பது?

இனி நேரக் கணக்கு. வாரம் இருபது மணி நேரத்தில் பாதி, தறி வீட்டுக்குப் போகவும் கணக்கெழுதவும் கேள்விகளுக்குப் பதில் சொல்லவும் போய்விடும். மீதிப் பத்து மணி நேரத்தில் பத்து ஆடை. மாதம் நாற்பதுதான் என் உச்சம். எல்லாம் விற்றால் லாபம் இருபதாயிரம், என் கூலி ஆறாயிரம். இந்த இருபத்தாறாயிரம் உங்கள் வீட்டுக்குப் போதுமா என்பதை இன்றே பாருங்கள். போதாது என்றால் ஆடையை மாற்றலாம், விலையை மாற்றலாம், வேலையை விடாமல் இதைத் துணைத் தொழிலாக வைத்துக்கொள்ளலாம். மூன்றும் மரியாதையான முடிவுகள்தான். ஆனால் முதல் மாதம் நாற்பது தைக்காதீர்கள். பன்னிரண்டு தையுங்கள், அவை எங்கே போகின்றன என்று பாருங்கள், பிறகு அளவு சொல்லி முன்பணம் கொடுத்தவர்களுக்கு மட்டும் தையுங்கள். என் விற்பனையில் இன்று பெரும்பகுதி அப்படித்தான். தைத்துத் தர மூன்று வாரம் ஆகும் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் மனிதர்கள் காத்திருக்கிறார்கள். சொல்லாமல் தாமதித்தால்தான் கோபம் வருகிறது.

பதிவும் வரியும்

சிறுதொழிலுக்கான உத்யம் பதிவை மத்திய அரசின் இணையதளத்தில் இலவசமாகச் செய்துகொள்ளலாம். அதற்குப் பணம் கேட்கும் இணையதளங்களை நம்பாதீர்கள். இந்தப் பதிவின் அருமை எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு, சிறு தொழில்களிடம் பொருள் வாங்கியவர் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும், தாமதித்தால் வட்டி உண்டு. ஆகவே விற்ற பிறகு பணம் என்பவரிடம், பொருளை விலைக்கு வாங்கிக்கொள்ளுங்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

ஜிஎஸ்டியைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டும் வரை பதிவு கட்டாயமில்லை. வெளிமாநிலத்துக்கு அனுப்பினால் பொதுவாகப் பதிவு தேவை, சில கைவினைப் பொருள்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. இதை ஓர் ஆடிட்டரிடம் உட்கார்ந்து கேட்டுவிடுங்கள். பதிவு செய்தவர்கள் கவனிக்க வேண்டிய கோடு ஒன்று இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையுள்ள ஆடைக்கு 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18 சதவீதம் வரி. 2,450 ரூபாய்க்கு விற்கும் ஆடையில் நூறு ரூபாய் வேலைப்பாடு சேர்த்தால் வாடிக்கையாளர் கொடுக்கும் தொகை நானூறுக்கு மேல் ஏறிவிடும். வங்கியில் தொழிலுக்கென்று தனிக் கணக்கு வையுங்கள். பெயரைப் பதிவு செய்ய நினைத்தால் வணிகச் சின்னத்தில் ஆடைகள் 25-ஆம் வகுப்பில் வருகின்றன.

வெட்டுத்துணியும் திரும்பி வரும் ஆடையும்

வெட்டிய பிறகு மிஞ்சும் துண்டுகளை நிறவாரியாகப் பிரித்துச் சாக்கில் போட்டு வையுங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு ஆரோவில்லின் உபாசனா என்ற ஆடை நிறுவனம், மீனவப் பெண்களைக் கொண்டு வெட்டுத்துணிகளில் சுனாமிகா என்ற சிறு பொம்மைகளைச் செய்வித்தது. அவற்றுக்கு விலை கிடையாது, அன்பளிப்பாகவே உலகெங்கும் போயின. அந்த அளவுக்கு நம்மால் முடியாவிட்டாலும், பட்டனை மூடித் தைக்க, ஒட்டுப்போட, உட்கழுத்துப் பட்டிக்கு என்று எல்லாவற்றுக்கும் அந்தச் சாக்கு உதவும். ஒவ்வொரு பாவிலும் அரை மீட்டர் துணியைத் தேதி எழுதித் தனியாகவும் வைத்துவிடுங்கள். நான்கு ஆண்டு கழித்து முழங்கையில் கிழிந்து ஓர் ஆடை வந்தால், அதே நிறத் துணி உங்களிடம் மட்டும்தான் இருக்கும்.

சரிசெய்து தருவதற்கு நான் வைத்திருக்கும் முறை இது. பட்டன், காஜா, பிரிந்த தையலுக்குக் காசு வாங்குவதில்லை. பக்கத் தையலைப் பிரித்து அகலப்படுத்த 80 ரூபாய், ஒட்டுத் துணி போட 120. அனுப்பும் செலவு வாடிக்கையாளருடையது, திருப்பி அனுப்பும் செலவு என்னுடையது. மாதத்தின் கடைசி சனிக்கிழமை முழுவதும் இதற்கு மட்டும்தான், அன்று புதுத் துணி வெட்டுவதில்லை. துவைத்து அனுப்பும்படி மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.